சூரத்தைப் பார்த்தவர் கட்டிய மாளிகை

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில், காசில் ஹோவர்டு என்றொரு மாளிகை இருக்கிறது. பெயரில்தான் கோட்டை, அகழியும் கொத்தளமும் கிடையாது. பரோக் பாணியில் எழுந்த பிரபு குடும்பத்து வீடு அது. பரோக் என்றால் தூணும் சிலையும் குவிமாடமுமாக நிமிர்ந்து நின்று, வருகிறவரை வாசலிலேயே மலைக்க வைக்கிற கட்டடக்கலை.

1699இல் இதைக் கட்ட நினைத்தவர் கார்லைலின் மூன்றாவது பிரபு சார்லஸ் ஹோவர்டு. வயது முப்பதுதான். முதலில் வில்லியம் டால்மன் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞரிடம் பேசினார், ஒத்துவரவில்லை. அடுத்து யாரிடம் போனார் தெரியுமா? ஜான் வான்பரோவிடம். படையில் இருந்தவர், பிரான்சில் சில ஆண்டுகள் சிறையில் கிடந்தவர், லண்டனில் இரண்டு நாடகங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். அதுவரை ஒரு கட்டடம்கூடக் கட்டியதில்லை! படிக்காமலே கட்டடக் கலைஞராகிவிட்டார் என்று எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் கேலிக் கவிதையே எழுதினார். நல்லவேளை, அனுபவசாலியான நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் கூட இருந்தார். வான்பரோ கற்பனை செய்ததைக் கல்லில் நிற்கச் செய்தவர் அவர்தான்.

இனி, நான் எங்கே பேசினாலும் விடாமல் சொல்கிற விஷயம். இந்த வான்பரோ இளவயதில் நம் நாட்டுக்கு வந்திருக்கிறார். குஜராத்தின் சூரத்துக்கு, 1683இல், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. வெகுகாலம் யாரும் கவனிக்காமல் கிடந்த இந்தச் செய்தியை ஆய்வாளர்கள் பிற்பாடுதான் எடுத்துக் காட்டினார்கள்.

சூரத்தில் ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அங்கே ஆக்ஸெண்டன் சகோதரர்களின் கல்லறையைப் பார்க்க வேண்டும். நம் ஊர் தர்காவைப் போலக் குவிமாடமும் வளைவுகளும் வைத்துக் கட்டியது. சிலுவை போட்ட கல் என்று எதிர்பார்த்துப் போனால் திகைத்துவிடுவோம். பிழைக்க வந்த வணிகர்கள் இந்த மண்ணின் பாணியிலேயே தங்களுக்கு நினைவிடம் எழுப்பிக்கொண்டார்கள். இளைஞர் வான்பரோ பார்த்தது இதைத்தான்.

பார்த்ததை மறந்தாரா? இல்லை. 1711இல் லண்டனில் ஐம்பது புதிய தேவாலயங்கள் கட்டச் சட்டம் வந்தது. அப்போது வான்பரோ ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார்: இறந்தவர்களைத் தேவாலயத்துக்குள் புதைக்க வேண்டாம், ஊருக்கு வெளியே தனி இடம் ஒதுக்குங்கள், சூரத்தில் ஆங்கிலேயர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று. கூடவே சூரத்துக் கல்லறைகளைப் படமாகவும் வரைந்தார். கிட்டத்தட்ட இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் கை மறக்கவில்லை, பாருங்கள்.

கார்லைல் பிரபுவிடமும் இதே பேச்சுத்தான். விளைவு, மாளிகையை விட்டுத் தள்ளி ஒரு மேட்டில் வட்டமாக, சுற்றிலும் இருபது தூண்களோடு ஒரு குடும்ப நினைவிடம். வான்பரோ 1726இல் இறந்துபோனதால் ஹாக்ஸ்மூர்தான் வடிவமைத்தார். ரோமானிய மாதிரி என்று புத்தகங்கள் சொல்லும். தூண்களுக்கு அது சரி. ஊருக்கு வெளியே, வெட்டவெளியில், குவிமாடத்தின் கீழ் உறங்கலாம் என்ற எண்ணத்தில் சூரத்துக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதைப் பார்த்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், உயிரோடு புதைந்துகொள்ளக்கூட ஆசை வரும் என்று எழுதினார்.

மாளிகைக்கு வருவோம். பிரபு 1738இல் காலமானபோது மேற்குப் பகுதி எழும்பவே இல்லை. 1750களில் அவருடைய மருமகன் தாமஸ் ராபின்சன் அதைக் கட்டினார், அவருக்குப் பிடித்த வேறு பாணியில். இன்றைக்கும் எதிரே நின்று பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் பொருந்தாது.

1940 நவம்பர் 9ஆம் தேதி தீப்பிடித்தது. போர்க்காலம், ஒரு பெண்கள் பள்ளி அங்கே தங்கியிருந்தது. ஓவியங்களையும் புத்தகங்களையும் மாணவிகளும் சேர்ந்து வெளியே தூக்கி வந்தார்கள். ஆனால் குவிமாடம் இடிந்து விழுந்தது. அதன் உட்புறத்தில் இத்தாலிய ஓவியர் பெல்லெக்ரினி தீட்டியிருந்த ஓவியமும் போயிற்று. அது கிரேக்கக் கதை: சூரியனின் தேரை ஓட்ட ஆசைப்பட்டு விழுந்து மடிந்த ஃபேத்தனின் கதை.

இனி யாரும் அங்கே குடியிருக்கப்போவதில்லை என்று பொருள்களை விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஜார்ஜ் ஹோவர்டு பர்மா போர்முனையிலிருந்து திரும்பினார். சகோதரர்கள் இருவரைப் போர் கொண்டுபோயிருந்தது. விற்பனையை நிறுத்தி அங்கேயே குடியேறினார். 1952இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1960களின் தொடக்கத்தில் குவிமாடத்தை மறுபடி எழுப்பி, ஓவியத்தையும் புதிதாகத் தீட்ட வைத்தார். வானொலி நேயர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: பின்னாளில் பிபிசியின் தலைவராக இருந்தவரும் இவர்தான்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. தோட்டத்தைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாளிகை வருவதற்கு முன் அங்கே ஹெண்டர்ஸ்கெல்ஃப் என்றொரு கிராமம் இருந்தது. மாளிகைக்காக அதை அகற்றிவிட்டார்கள். வான்பரோவின் தோட்டக் கோயிலுக்குப் போகிற புல்வெளிப் பாதை அந்தக் கிராமத்தின் தெருதான். அங்கே போகிறவர்கள் வழிகாட்டியிடம் மாளிகையைப் பற்றிக் கேட்பதோடு, அந்தத் தெருவைப் பற்றியும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.