மலைநாட்டுக் குளிரில் கழிவுக் கசட்டிலிருந்து வாயு எடுக்கலாமா?

[திரையில்: கண்ணாடிக் குவளையில் கசடு மெல்லப் படிகிறது]

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது தொட்டியின் அடியில் தங்குவதுதான் கசடு. பார்க்கக் கறுப்புச் சேறு போலிருந்தாலும் அதில் நூற்றுக்கு 99 பங்கு வெறும் தண்ணீர். மிச்சம் ஒரு பங்கில்தான் வாயுவும் பசளையும் இருக்கின்றன.

காற்றுப் புகாத தொட்டியில் மூன்று வாரம்போல அடைத்து வைத்தால், நுண்ணுயிர்கள் கசட்டைத் தின்று மீதேன் வாயுவை விடும். ஆனால் அவை சுறுசுறுப்பாக வேலை செய்ய 35 பாகை அளவில் சூடு வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவில்தான். ஆகவே சூடாக்க வேண்டும். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

1,000 லீட்டர் கசட்டை 20 பாகை சூடேற்ற ஏறத்தாழ 23 யூனிட் (கிலோவாட் மணி) சக்தி போகும். அது 99 பங்கு தண்ணீரான கசடு என்றால், அதன் வாயுவில் கிடைப்பது சுமார் 20 யூனிட். கைநஷ்டம்! சரி, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, திண்மத்தை 5 சதவீதமாக்கிப் போடுங்கள். சூடேற்ற அதே 23 யூனிட்தான். வாயுவில் வருவதோ 100 யூனிட்டை நெருங்கும். அந்த வாயுவில் என்ஜினை ஓட்டினால் மின்சாரமும் கிடைக்கும், என்ஜின் சூட்டையே தொட்டிக்கும் திருப்பலாம். என்னைக் கேட்டால், மலைநாட்டில் முதல் செலவு தண்ணீரைப் பிரிப்பதற்குத்தான்.

[திரையில்: லயன் ஓரம் பவுசர் குழாய்]

மலசலகூடக் குழிகளிலிருந்து பவுசர் இழுக்கும் கசடு வேறு. வருடக்கணக்காகக் குழியிலேயே அழுகியதால் அதில் வாயு பெரிதாக மிஞ்சாது. அதைக் கூட்டெருவாக்குவதே நல்லது. பலாங்கொடையில் நகரக் குப்பையோடு மலக்கசட்டையும் சேர்த்துக் கூட்டெரு செய்திருக்கிறார்கள். குவியலைப் புரட்டிப் புரட்டி, 55 பாகைக்கு மேல் பல நாள் சூட்டில் வைத்தால்தான் வட்டப்புழு முட்டைகள் சாகும். அவசரப்பட்டு எடுத்து லீக்ஸ் பாத்தியில் போட்டால் புழு நம் வீட்டுச் சட்டிக்கே வந்துவிடும்.

[திரையில்: உள்ளே வெள்ளைக் கல் படிந்த குழாய்த் துண்டு]

வாயு எடுத்த பிறகு கசட்டைப் பிழிந்தால் வரும் தண்ணீரில் அமோனியாவும் பொசுபேற்றும் நிறைய இருக்கும். சும்மா விட்டால் அவை குழாய்க்குள் இப்படிக் கல்லாகி அடைத்துக்கொள்ளும். நாமே மக்னீசியம் உப்புச் சேர்த்துப் படிய வைத்தால் அதே கல் பசளை. பெயர் ஸ்ட்ருவைற்று.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றபோது தேயிலைத் தோட்டங்கள் பட்ட பாட்டை மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஸ்ட்ருவைற்றில் நைதரசன் குறைவு. யூரியாவின் இடத்தை அது பிடிக்காது. ஆனால் பொசுபரசு நிறைய உண்டு. சுலபமாகக் கரையாததால் சரிவில் மழை அதைக் கரைத்துக்கொண்டு போகாது. தேயிலை மண்ணின் புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கன்று நடும் குழிகளில் போட்டுப் பார்க்க ஏற்ற பசளை அது.