ஆந்தையைப் பெட்டியிலேயே போட்டுவிட்டார்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் பொது மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட பெரியவர்களே, பின்வரிசையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

'பழைய மாயாஜாலப் படங்களை மறுபடி எடுக்கலாமா, கூடாதா' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்புதான். ஆனால் சுங்கை சிப்புட்டில் நாம் தீர்ப்புச் சொல்லி ஹாலிவுட்காரன் கேட்கப்போவதில்லை. அவன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டேதான் இருப்பான். அதனால் வேறு ஒன்றைப் பார்ப்போம். ரீமேக் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிற ஜனங்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள், எதை மன்னித்துவிடுகிறார்கள்?

'கதையை மாத்திட்டான்யா' என்பதுதான் வழக்கமாகக் காதில் விழும் குறை. இந்தக் குறையை நான் முழுசாக நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1924இல் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நடித்து 'பாக்தாத் திருடன்' என்ற ஊமைப்படம் வந்தது. அதில் திருடன்தான் நாயகன். அவனே இளவரசியைக் காதலிக்கிறான், அவனே பறக்கும் கம்பளத்தில் அவளை ஏற்றிக்கொண்டு போகிறான். 1940இல் அலெக்சாண்டர் கோர்டா அதை வண்ணத்தில் மறுபடி தயாரித்தபோது, நாயகனையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். காதலிப்பதற்கு ஒரு ராஜா. திருடுவதற்கும் தப்பி ஓடுவதற்கும் பூதத்தை ஏமாற்றிப் பாட்டிலுக்குள் திருப்பி அனுப்புவதற்கும் அபு என்று ஒரு பையன். கதையில் இதைவிடப் பெரிய மாற்றம் இருக்க முடியுமா? யாராவது அழுதார்களா? மூன்று ஆஸ்கர் வாங்கியது அந்தப் படம். அபுவாக நடித்த சாபு, மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன். ராஜாவாக நடித்தவர் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஜனங்கள் சாபுவைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நீலத்திரைக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் பிடித்து, பின்னணியை அப்புறம் சேர்க்கிற வித்தையும் பெரிய அளவில் அந்தப் படத்தில்தான் அரங்கேறியது. அதே பெயரில் 1960இல் எம்.ஜி.ஆரும் வைஜயந்திமாலாவும் நடித்த தமிழ்ப்படத்தை இங்கே உள்ள பெரியவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் படம் பார்த்த விதத்தை மட்டும் இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழ் வரிசையில் ஓடும், எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார். கச்சான் பொட்டலத்தைப் பிரித்தபடி அதையும் ரசித்துப் பார்த்தோம். கம்பளம் பறக்கும்போது 'டேய், கம்பி தெரியுதுடா!' என்று ஒரு பொடியன் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். பத்து நொடி கழித்து, அதே பொடியன் 'பின்னால வர்றான், பின்னால பாரு!' என்று நாயகனை எச்சரிப்பான். கம்பி தெரிந்தது, அதற்காக யாரும் எழுந்து போகவில்லை. காலையில் பிரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கங்காணியே வில்லன் மாதிரி சிரித்துக் காட்டுவார்.

அப்படியானால் எதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்? கிங்காங்கை எடுத்துக்கொள்வோம்.

1933இல் வந்த முதல் 'கிங்காங்'கில் நாம் பார்க்கிற ராட்சதக் குரங்கு, பெரும்பாலான காட்சிகளில், சுமார் பதினெட்டு அங்குல பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே முயல் தோல். வில்லிஸ் ஓ'பிரையன் குழுவினர் பொம்மையை மயிரிழை நகர்த்துவார்கள், ஒரு படம் எடுப்பார்கள், மறுபடி நகர்த்துவார்கள். ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம். தொடும்போதெல்லாம் விரல் பட்டு ரோமம் கலையும். அதைத் தவிர்க்க முடியவில்லை. திரையில் ஓட்டினால் குரங்கின் உடம்பு முழுக்க ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. தெரியாதவர்களுக்குக் காங் கோபத்தில் சிலிர்க்கிற மாதிரி இருந்தது. வேலைக்காரன் கைரேகை படத்தில் பதிந்துவிட்டது, அதுவும் நடிப்பில் சேர்ந்துகொண்டது. தோட்டத்தில் தெரிந்த கம்பிக்கும் இந்த விரலுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

1976இல் மறுபடி எடுத்தார்கள். நாற்பது அடி இயந்திரக் குரங்கு வருகிறது என்று ஊரெல்லாம் விளம்பரம். படத்தில் அந்த இயந்திரம் தலைகாட்டுவதோ சில நொடிகள். மற்ற நேரமெல்லாம் ரிக் பேக்கர் என்ற கலைஞர் குரங்கு உடை போட்டு நடித்திருக்கிறார், நன்றாகவும் நடித்திருக்கிறார். அவரை முன்னால் காட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இல்லாத இயந்திரத்தை இருப்பதாகச் சொன்னதுதான் உறுத்துகிறது.

2005இல் பீட்டர் ஜாக்சன் எடுத்தது வேறு ரகம். ஒன்பது வயதில் பழைய கிங்காங்கைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவர் அவர். கொரில்லாவாக நடிக்க ஆண்டி செர்கிஸ் ருவாண்டா காட்டுக்கே போய் நிஜக் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு வந்தார். குறை இல்லையா? இருக்கிறது. பழைய படம் சுமார் நூறு நிமிடம், இது நூற்று எண்பத்தேழு. கப்பல் தீவுக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. உறைந்த குளத்தில் காங் வழுக்கி விளையாடும் காட்சியில் பாதிப் பேர் உருகினார்கள், பாதிப் பேர் நெளிந்தார்கள். நான் நெளிந்த கட்சி. ஆனால் நீளத்தைத் திட்டியவர்கள்கூட 'இவனுக்குப் பழைய படம் மேல பாசம் இருக்கு' என்று ஒத்துக்கொண்டார்கள். பாசக்காரன் வீட்டு விருந்து, இலையில் கொஞ்சம் அதிகமாகத்தான் விழும்.

இப்போது ஆந்தைக்கு வருகிறேன். 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்', 1981. கிரேக்கப் புராணக் கதை. பொம்மைகளை நகர்த்தி உயிர் கொடுப்பதில் மன்னரான ரே ஹாரிஹவுசனின் கடைசிப் பெரிய படம். ஓ'பிரையனிடம் தொழில் பழகியவர் அவர். அதில் பூபோ என்று ஒரு பித்தளை நிற இயந்திர ஆந்தை வரும். கீச்சிடும், தடுமாறும், நாயகனுக்கு உதவும். விமர்சகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பிடித்தது.

2010இல் ரீமேக் வந்தது. 'அவதார்' முப்பரிமாணத்தில் அள்ளிக் குவித்ததைப் பார்த்துவிட்டு, சாதாரணமாக எடுத்து முடித்த படத்தை அவசரமாக முப்பரிமாணமாக்கினார்கள். காகிதத்தில் வெட்டி ஒட்டிய மாதிரி ஆட்கள் தட்டையாக நிற்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் புலம்பல். கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுத்தவர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஆனால் பழைய ரசிகர்களை உண்மையில் குத்தியது வேறொரு சின்னக் காட்சி. நாயகன் பெர்சியஸ் ஆயுதம் தேடும்போது ஒரு பெட்டிக்குள்ளிருந்து அந்த ஆந்தையை எடுக்கிறான். இது என்ன என்கிறான். பக்கத்தில் இருக்கும் வீரன், அதை விட்டுத்தள்ளு என்கிறான். ஆந்தை திரும்பப் பெட்டிக்குள் போகிறது. அவ்வளவுதான், சில நொடி. எடுத்தவர்கள் அதைச் செல்லமான நகைச்சுவை என்றுதான் நினைத்திருப்பார்கள். பார்த்தவர்களில் பலருக்கோ, 'சின்ன வயசுல நீ இதையா ரசிச்சே?' என்று முகத்துக்கு நேரே கேட்டுச் சிரித்த மாதிரி இருந்தது. ஆந்தையே வராமல் போயிருந்தால் இவ்வளவு மனத்தாங்கல் வந்திருக்காது. நான் சொல்ல வந்தது இதுதான்: கதையை மாற்றுங்கள், நாயகனை இரண்டாக வெட்டுங்கள், ஜனங்கள் கூடவே வருவார்கள். அவர்கள் நம்பியதைக் கிண்டல் பண்ணினால் வரமாட்டார்கள்.

'படம் ஏறக்குறைய 49 கோடி அமெரிக்க டாலர் வசூலித்ததே' என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான். 2012இல் வந்த அதன் தொடர்ச்சி சுமார் 30 கோடியோடு நின்றது. காரணம் ஆந்தைதான் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். முதல் முறை ஏமாந்தவர்களில் ஒரு கூட்டம் மறுபடி வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான் என் ஊகம்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். 1957இன் 'மாயா பஜார்' மேல் கை வைத்தால் நம் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆனால் அதுவே ஏற்கெனவே நாடகமாகவும் படமாகவும் பலமுறை வந்த கதை. வியாசர் பாரதத்தில் இல்லாத கதையும்கூட. இயக்குநர் கே.வி. ரெட்டி அதை எடுத்தபோது, நாடகம் பார்த்துப் பழகிய அன்றைய பெரியவர்களும் கட்டாயம் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்து 'கல்யாண சமையல் சாதம்' என்று தொடங்கியதும், லட்டு தானாகத் துள்ளி அவர் வாய்க்குள் போனதும், முணுமுணுத்த வாயெல்லாம் மூடிக்கொண்டிருக்கும். ரங்காராவ் அந்தக் கடோத்கஜனை நம்பி நடிக்கிறார். ஒரு கணமாவது 'இதெல்லாம் சும்மா' என்று நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரா, பாருங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. பிள்ளைகளுக்குப் பழையதை முதலில் காட்டு, அப்புறம் புதியதைக் காட்டு என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். புதியதை முதலில் போடுங்கள். கணினியில் எல்லாம் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் வியக்கமாட்டார்கள், பரவாயில்லை. என் பேரன் 2005 கிங்காங்கைப் பார்க்கும்போது நடுநடுவே எழுந்துபோய் பிஸ்கட் தின்றுவிட்டு வந்தான். மறுவாரம் 1933 படத்தைப் போட்டேன். கறுப்பு வெள்ளையா என்று முகம் சுளித்தவன், கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கிட்டப் போய், 'தாத்தா, அங்க காத்தடிக்குதா? முடி ஆடுது' என்றான். விஷயத்தைச் சொன்னேன். அன்று சாயங்காலமே போனை மேசையில் சாய்த்து வைத்து, பிளாஸ்டிக் டைனோசரை நகர்த்தி நகர்த்தி அவனே ஒரு படம் எடுத்துவிட்டான். அரை நிமிடம்கூட ஓடாது. அங்கங்கே அவன் கட்டைவிரல் தெரியும். பார்க்க விரும்புகிறவர்கள், தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், போனில் வைத்திருக்கிறேன்.