சுவருக்குப் பின்னால் கொட்டிய தண்ணீர்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் சுருக்கமாகப் பேசி என்னை வம்பில் மாட்டிவிட்ட சிறுநீரக மருத்துவர் அவர்களே, வர இயலாமல் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருக்கும் ஆணையர் அவர்களே, டயாலிசிஸ் பிரிவில் இரவு வேலை முடித்து நேராக இங்கே வந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரையில் ஒருவர் விட்டுப்போனதாகத் துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. மின் பொறியாளர் அவர்கள், இரண்டாம் வரிசை. அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்னும் யாராவது விட்டுப்போயிருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

டயாலிசிஸும் சுற்றுச்சூழலும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. தண்ணீர், பிளாஸ்டிக், மின்சாரம் மூன்றையும் தொடுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் எங்கே போய் நிற்பேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் பாட்டி வாய் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.

சரி, கதைக்கு வருகிறேன். என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ், அதாவது சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். துணைக்குப் போவது நான். நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்குள் குடித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் அவருக்கு அளவு போட்டிருந்தார். மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அதில் சேர்த்தி. உடம்பில் தண்ணீர் தங்கி அடுத்த தடவை எடை ஏறியிருந்தால் திட்டு விழும். அதனால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக் காப்பாற்றிக்கொண்டே இருப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். மெஷின் ஓட ஆரம்பித்ததும் நான் கழிப்பறைக்குப் போனேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘தண்ணீர் இல்லை. பொறுத்துக்கொள்ளவும்.’ எதைப் பொறுத்துக்கொள்வது என்று எழுதவில்லை. (சிரிப்பு)

திரும்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சோவென்று சத்தம். மழையா என்று பார்த்தால் வெளியே வெயில் அடிக்கிறது. சுற்றிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனேன். கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய், அதிலிருந்து கண்ணாடி மாதிரி தண்ணீர் நேரே சாக்கடையில் விழுகிறது. கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அங்கே வந்த டெக்னீஷியன் தம்பி, “ஆர்.ஓ. வேஸ்ட் சார்” என்றார். டயாலிசிஸ் மெஷினுக்குப் போகிற தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற கருவிதான் ஆர்.ஓ., அது தள்ளிவிடுகிற தண்ணீர் இது. ரத்தம் பட்டதா என்று கேட்டேன். “இல்லை சார், இது மெஷின் பக்கமே போகாத தண்ணீர்.” அப்புறம் ஏனப்பா கொட்டுகிறீர்கள்? “பிடிக்கத் தொட்டி இல்லை சார்.”

துப்புரவு அம்மாவிடம் ஒரு வாளி வாங்கினேன். நாலு நடை நடந்தேன். ஐந்தாவது நடைக்குள் என் பின்னால் வாளியோடு மூன்று பேர். கழிப்பறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது!

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கணக்கு வாத்தியார். ஊசி குத்தாத கையின் விரல்களை மடக்கினார். “மெஷினுக்குள் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். ஆர்.ஓ. பாதிக்குப் பாதி தள்ளுகிறது என்று வை, இன்னொரு 120 வெளியே போகிறது. பத்துக் கட்டில், இரண்டு ஷிப்ட். ஒரு நாளைக்கு 2,400 லிட்டர்.” ஐஸ் கட்டியை இந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, “என்னை ஒரு டம்ளருக்குத் திட்டுகிறார்கள்” என்றார்.

பாதி என்று அவர் வைத்தது குறைவுதான். பழைய ஆர்.ஓ. மெஷின்கள் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளிவிடும். மெஷினுக்குப் போகிற தண்ணீரில் கைவைக்கச் சொல்லவில்லை, நோயாளிக்கு ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. நாம் குடிக்கிற தண்ணீரைக் குடல் வடிகட்டிக் கொடுக்கிறது. டயாலிசிஸில் ஒரு மெல்லிய சவ்வுதான் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில். 1970களில் தண்ணீரில் இருந்த அலுமினியம் நோயாளிகளின் மூளையையே பாதித்திருக்கிறது. கிருமி கொல்லக் குழாய்த் தண்ணீரில் போடுகிற குளோரமின் கலந்தால் ரத்த அணுக்கள் உடையும். அத்தனை சுத்தம் தேவைதான். நோயாளியின் கழிவு கலந்து மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீர் வேறு, அது சாக்கடைக்குத்தான் போக வேண்டும். நான் சொல்வது, ஆர்.ஓ. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிற தண்ணீரை. குழாய்த் தண்ணீரைவிட உப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கழிப்பறைக்கு, தரை கழுவ, துணி துவைக்க, உப்பு தாங்குகிற செடிகளுக்குத் தாராளமாகப் போதும். நல்ல தண்ணீருக்கு ‘வேஸ்ட்’ என்று பெயர் வைத்தால், அதுதான் பாட்டி சொன்ன பழிப்பு. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே!

ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற ஊரில் ஜான் ஏகர் என்ற சிறுநீரக மருத்துவர் இந்தத் தண்ணீரைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்திக் காட்டிவிட்டார். சூரிய மின்சாரத்தையும் டயாலிசிஸுக்குக் கொண்டுவந்தார். பெரிய விஞ்ஞானமெல்லாம் வேண்டியதில்லை. ஒரு தொட்டி, ஒரு பம்பு, கொஞ்சம் குழாய். நடைமுறைக்கு உதவுகிற டயாலிசிஸ் மெஷினை முதன்முதலில் செய்த வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், 1943இல், போர் நடக்கும்போது, நெதர்லாந்தில், தொத்திறைச்சி உறையான செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றித்தான் செய்தார். தட்டுப்பாட்டில் பிறந்த மெஷின் ஐயா இது.

பிளாஸ்டிக் விஷயம். ஒரு தடவைக்கு இரண்டரை கிலோ அளவுக்குக் கழிவு சேருகிறது: டயலைசர் என்கிற ரத்த வடிகட்டி, ரத்தம் ஓடுகிற பிளாஸ்டிக் குழாய்கள், கையுறை, உறைகள். ரத்தம் படாத அட்டையும் கேனும் ரத்தம் பட்டவற்றோடு ஒரே பையில் விழுந்தால் எல்லாமே எரிக்கப் போகும். பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் சரியாக எரியாவிட்டால் டயாக்சின் என்ற நச்சு கிளம்பும். இதற்கு ஒரு தனிக் கூட்டமே போட வேண்டும், செவிலியர்களே பேசட்டும்.

மின்சாரம்... தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பிரிட்டனில் 2011இல் வந்த ஒரு கணக்கு, மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவருக்கு ஆண்டுக்கு 3.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு வெளியேறுகிறது என்கிறது. மருந்து, பயணம் எல்லாம் அதில் அடக்கம். மீதியைப் பொறியாளர் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

வாசலில் மேஜைமேல் ஒரு மனு இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் ஆர்.ஓ. தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்ட வேண்டும் என்ற ஒரே கோரிக்கைதான். முதல் கையெழுத்து அண்ணன் போட்டது. கை நடுங்கியதில் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதற்குக் கீழே போடுங்கள். பேனா இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு இருக்கிறது, திருப்பித் தந்துவிட வேண்டும்.