மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால்?

அடுத்த கேள்வி நெல்லிக்குப்பத்துலேர்ந்து வந்திருக்கு. "அம்மாவுக்கு 57 வயசு. பீரியட்ஸ் நின்னு 5 வருஷம் ஆச்சு. போன வாரம் ரெண்டு நாள் லேசா ரத்தம் பட்டுது, தானா நின்னுடுச்சு. கத்திரி வெயில் சூடுன்னு வெந்தயத் தண்ணி குடிக்கிறாங்க. போன வருஷம் பாப் ஸ்மியர் நார்மல். டாக்டர்கிட்ட காட்டணுமா?"

காட்டணும். நின்னுடுச்சேன்னு விட்டுடாதீங்க. கடைசி பீரியட்ஸ் முடிஞ்சு 12 மாசம் தாண்டிட்டா, அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும், பழுப்புக் கறையா இருந்தாலும் பார்த்தே ஆகணும். வெந்தயம் குடிக்கட்டும், தப்பில்ல. ஆனா இது சூட்டுல வர்றது இல்லங்க.

பயமும் வேண்டாம். இப்படி வர்றவங்கள்ல சுமார் 90 சதவீதம் பேருக்குக் கேன்சர் இருக்காது. ஹார்மோன் குறைஞ்சு உள்சவ்வு வறண்டு போயிருக்கும், இல்லன்னா பாலிப் (சின்ன சதை வளர்ச்சி) இருக்கும். மீதிப் பேரைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு டெஸ்ட். உடம்பு பருமன், சுகர், பிரஷர் இருக்கா, மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் சாப்பிடுறாங்களா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறாங்களா, இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லணும். மூலத்துலேர்ந்தோ மூத்திரத்துலேர்ந்தோ ரத்தம் வந்தாலும் துணியில ஒரே மாதிரிதான் தெரியும். எப்போ பட்டுதுன்னு கவனிச்சு சொல்லுங்க.

பாப் ஸ்மியர் நார்மல்னு நிறைய பேர் நிம்மதியாயிடுறாங்க. அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட். இங்க சந்தேகம் கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மேல. அதுக்கு உள்வழி ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியா பார்க்கிற ஸ்கேன் வேணும். தண்ணி குடிச்சு வயித்து மேல பார்க்கிற ஸ்கேன்ல சவ்வோட தடிமன் சரியாத் தெரியாது. உள்வழி ஸ்கேனுக்கு மூத்திரம் போயிட்டு வரணும். ரத்தம் பட்டுக்கிட்டு இருந்தாலும் எடுக்கலாம்.

தடிமன் 4 மில்லிமீட்டரோ அதுக்குக் கீழயோ இருந்து, ஒரு தடவைதான் பட்டுதுன்னா, பெரும்பாலும் கவனிச்சுப் பார்த்தா போதும். அதுக்கு மேல இருந்தா பயாப்சி, அதாவது சவ்வுலேர்ந்து கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்றது. திரும்பத் திரும்ப ரத்தம் பட்டா, சவ்வு மெல்லிசா இருந்தாலும் பயாப்சி வேணும். சுமார் 3 மில்லிமீட்டர் குழாயை உள்ள விட்டுத் துளி சதை எடுப்பாங்க. மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம், பீரியட்ஸ் வலி மாதிரி சில நிமிஷம் இழுத்துப் பிடிக்கும். வயசானவங்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கி, குழாய் போகாமலும் இருக்கலாம். ரிப்போர்ட்ல 'சாம்பிள் போதவில்லை'ன்னு வந்தா அது நார்மல் ரிப்போர்ட் இல்லங்க! அதோட விட்டுடக்கூடாது. கேமரா வெச்சு உள்ள பார்க்க வேண்டியிருக்கலாம்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலயே முதல்ல காட்டலாம். பாண்டிச்சேரி பக்கம்னா ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மருத்துவமனை இருக்கு.

இன்னொண்ணு. "வயசாயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்"னு யாராவது சொன்னா, பயாப்சி ரிப்போர்ட் வந்துச்சான்னு கேளுங்க. கேன்சர்னா செய்யற ஆபரேஷனே வேற மாதிரி. முன்கூட்டியே தெரியாம எடுத்துட்டா, சிலருக்கு மறுபடியும் வயித்தைத் திறக்க வேண்டி வரும்.