வாயால் கேட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கற்றல் குறைபாட்டால் படிக்கவும் எழுதவும் திணறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என் வேலை. பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கமிருந்து நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். வருகிற அம்மாக்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், எம் பையன் மத்த பசங்க மாதிரி நார்மலா ஆயிடுவானா?"

அதற்கு நான் பதில் சொல்வதற்கு முன், ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு, அறிவியல். விதை முளைக்க என்னென்ன வேண்டும் என்பது கேள்வி. பையன் 'water' என்று எழுத முயன்று, எழுத்துகளை இடம் மாற்றி எழுதி, அடித்து, அதோடு விட்டிருந்தான். அரை மதிப்பெண். நான் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அதே கேள்வியைத் தமிழில் வாயால் கேட்டேன்.

"பாட்டி பச்சைப் பயறை ஊறவச்சுத் துணியில கட்டுவாங்க. மொதல்ல தோல் வெடிக்கும். அப்புறம் வெள்ளையா வால் மாதிரி வரும், அதான் வேர். தண்ணி அப்படியே நின்னா நாறிடும், ஏன்னா உள்ள காத்து போகணும். குளிர் காலத்துல ஒரு நாள் கூட ஆகும்."

தண்ணீர், காற்று, வெப்பம். மூன்றும் வந்துவிட்டது பாருங்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கூடவே சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளைக்குத்தான் வீட்டில் மக்கு என்று பெயர்.

இது புதிய விஷயமும் இல்லை. 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். தன் பெயரையே அவன் எழுத்து மாற்றி எழுதினான். ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது சட்டென்று சரியாகப் பெருக்கினான். பாடம் முழுக்க வாய்வழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். நூற்று இருபது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் எழுதியதை மட்டும்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வாயால் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், அப்புறம் இந்தி. "நாலு பாஷை, அதான் குழம்புறான், போகப் போகச் சரியாயிடும்" என்று வருஷக் கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். தமிழில் ஒரே 'க' இருக்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்து. தமிழ்ப் பிள்ளை ஆரம்பத்தில் தடுமாறுவது இயல்பு, பழகினால் போய்விடும். ஆனால் வீட்டு மொழியிலேயே தடுமாறினால் கவனியுங்கள். 'மரம்' என்று சொல்லி, 'ம'வை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல் என்று கேளுங்கள். ஏழெட்டு வயதாகியும் 'ரம்' என்று சொல்ல வரவில்லை, படித்த சொல்லே அடுத்த வரியில் புதுச் சொல்லாகத் தெரிகிறது என்றால், அது சோம்பேறித்தனம் இல்லை. அடியால் சரியாகிற விஷயமும் இல்லை.

இப்போது அந்த அம்மாக்களுக்குப் பதில். உங்கள் பையன் படிக்கக் கற்றுக்கொள்வான். மெதுவாகத்தான் படிப்பான், வளர்ந்த பிறகும் மெதுவாகவே படிக்கலாம். இருக்கட்டும். அவனுக்கு வேண்டியது வேறு வழியில் சொல்லித் தருவது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைத்தார்கள். கண், காது, விரல் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். இன்று நாங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். தினமும் கால் மணி நேரம், ஒரு தட்டில் ரவையைப் பரப்பிக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். வகுப்பு முன்னால் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள் என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று வயிற்றுவலி சொல்வதற்குப் பாதி நாள் காரணம் அதுதான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. கற்றல் குறைபாட்டுக்கு வாங்கும் சான்றிதழ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதற்குப் பரிசோதனை செய்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் கேட்கலாம், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். பின்னால் பெண் கேட்கப் போகும்போது யாராவது ஏதாவது சொல்வார்களே என்று பயப்படுகிறார்கள். ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம், சலுகை கேட்கும் இடத்தில் கொடுத்தால் போதும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள், மூன்றாம் நான்காம் வகுப்பிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது பழைய நோட்டுப் புத்தகங்களையும் கையோடு எடுத்துப் போங்கள், கேட்பார்கள். வணக்கம்.