திண்டாட்டமே! எதிரணிக்கு ஓர் இட்லிச்சட்டி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் கம்மிங்க, நேரா வந்துர்றேன்.

தீபாவளிக் கடைவீதி கொண்டாட்டமா, திண்டாட்டமாங்கிறதுதான் தலைப்பு. எதிரணிக்கு அது கொண்டாட்டமாம். எதிரணி அக்கா இப்பத்தான் சொல்லிட்டு உட்கார்ந்தாங்க: "கூட்டத்தைப் பார்த்து மலைக்கிறவங்க மலைக்கே போங்க, ஏற்காட்டுல காத்து வாங்குங்க"ன்னு. நீங்களும் கை தட்டுனீங்க. அக்கா, லீவு நாள்ல ஏற்காடு ஏறிப் பார்த்திருக்கீங்களா? கொண்டை ஊசி வளைவு 20. ஏறுற வண்டிக்கு வழி விடணும்ங்கிறது மலைப்பாதை விதி. இறங்குற கார்க்காரர் விடுவாரா? வளைவுல மூக்கை நீட்டுவார். பஸ்ஸு திரும்ப முழு ரோடும் வேணும். ரெண்டும் நின்னுரும். பின்னாடி இருக்கிறவர் ஹேண்ட் பிரேக் போடாம பாதி கிளட்ச்சுலயே வண்டியைப் பிடிச்சு வைப்பார். கிளட்ச் தீஞ்சு, பதினொண்ணாவது வளைவுல வண்டி படுத்துக்கும். நம்ம சேலம் முதல் அக்ரஹாரக் கடைவீதியில மாட்டுனவன் நடந்தாவது வீடு சேருவான். பதினொண்ணாவது வளைவுல மாட்டுனவன்?

சரி, கீழ இறங்குவோம். ஒரு மாமான்னு வச்சுக்கங்க. அத்தை ஒரு மீட்டர் லைனிங் துணி வாங்கியாரச் சொல்லி, மாதிரித் துண்டையும் குடுத்து அனுப்புறாங்க. சின்னக்கடை வீதியில துணிக்கடை வலது பக்கம். மாமா வலது பக்கம் திரும்பினார், கூட்டம் திரும்பலை. ஒரு மணி நேரம் கழிச்சு வந்தார், கையில இட்லிச்சட்டி! "என்னங்க இது?" "நானாப் போகலை, பாத்திரக்கடைக்குள்ள கொண்டு போய் விட்டுட்டாங்க. பில்லு போடுற பக்கம் மட்டுந்தான் வெளிய வழி." அத்தை மறுபடி அனுப்பினாங்க. மறுபடி அதே கடை. கடைக்காரர் கேக்குறார், "வாங்கண்ணா, தட்டு விட்டுட்டுப் போயிட்டீங்களா?" தட்டு நாலு வந்துச்சு. மூணாவது தடவை அத்தையே கூடப் போனாங்க. ரெண்டு பேரும் வெற்றியோட வந்தாங்க, இட்லித்துணியோட! துணி கேட்டாங்க, துணி வந்துருச்சுல்ல?

சிரிக்கிறீங்க. காரணம் இருக்குங்க. ஒரு சதுர மீட்டர்ல 4 பேர் இருக்கிற வரைக்கும் நாம நடக்கிறோம். 6, 7ன்னு ஆயிட்டா கூட்டம் தண்ணி மாதிரி. அது போற பக்கம் நாம போவோம். அங்க பெரிய ஆபத்து மிதிபடுறது இல்ல, மூச்சு இழுக்க நெஞ்சு விரிய இடமில்லாமப் போறதுதான். முழங்கை ரெண்டையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வச்சுக்கங்க. எதிர்த்துத் தள்ளாதீங்க, ஒரு தள்ளு ஓய்ஞ்சு அடுத்த தள்ளு வர்றதுக்குள்ள சாய்வா ஓரத்துக்கு நகருங்க, ஆனா செவுத்தோட ஒட்டிக்காதீங்க. கீழ விழுந்ததைக் குனிஞ்சு எடுக்காதீங்க, கொலுசே ஆனாலும். (கொலுசுக்குப் பேர் போன சேலத்துல நின்னு இதைச் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு.)

சிலருக்கு இடமிருந்தும் படபடக்கும். பயத்துல வேகவேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரத்துப் போகும், தலை சுத்தும். அதுக்குப் பயந்து இன்னும் வேகமா இழுப்பாங்க. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க, அடங்கும். நெஞ்சே வலிச்சா எண்ணிட்டு நிக்காதீங்க, 108க்கு அடிங்க.

மணி அடிக்கிறீங்க, முடிச்சுர்றேன். நமக்கு மூச்சு முட்டுனா வெளிய வந்து ஒரு தட்டுவடை செட்டு தின்னுட்டு நின்னுக்கலாம். உள்ள சேலை பிரிச்சுப் போடுற புள்ள எங்க போகும்? கடையில வேலை செய்றவங்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத்தைத் திருத்துனாங்க. நாற்காலி இருக்கும். தீபாவளி வாரத்துல உட்கார விடுவோமா நாம? "அந்தப் பச்சையை எடும்மா, இல்ல, அதுக்குக் கீழ இருக்கிறது." நாப்பது சேலை பிரிச்சு, நாப்பதையும் மடிச்சு, ஷட்டரைப் பாதி இறக்குன பிறகுதான் அது தம்பிக்கு ஒரு சட்டை எடுக்கும். ஓமலூர்ப் பக்கம் போற கடைசி பஸ்ஸுலயும் நின்னுட்டுத்தான் போகும். அங்கயும் கூட்டந்தான். நான் சொல்லிக் குடுக்காமலே முழங்கை ரெண்டையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வச்சிருக்கும். தனக்காக இல்லீங்க. உள்ள அந்தச் சட்டை இருக்கு, கசங்கக் கூடாது.