டாக்டர் இல்லாத கூடாரம்

வணக்கம் நண்பர்களே, சத்தம் கொஞ்சம் இரைச்சலாக இருக்கும், வெளியே காற்று விடாமல் அடிக்கிறது, மைக்கை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பேசுகிறேன். இப்போது நான் இருப்பது 4,200 மீட்டர் உயரத்தில். பழைய வீடியோக்களில் என் பின்னால் நரைத்த தாடியோடு, காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் நடந்து வருவாரே, அந்த டாக்டர் போன மாதம் இறந்துவிட்டார். வயது எழுபத்து நான்கு. அவர் இல்லாமல் நான் வரும் முதல் மலை இது.

ஓய்வு பெற்றதும் சொந்தமாக க்ளினிக் போடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம், மனிதர் போய் ஒரு முதுகுப்பையும் நல்ல பூட்ஸும் வாங்கினார். மலையில் யாருக்கும் வைத்தியம் பார்க்கமாட்டேன் என்று வாய் மட்டும் சொல்லும். ஆனால் காலையில் கூடார ஜிப்பைத் திறந்தால் முதலில் தெரிவது அவர் முகம்தான். "தலை வலிக்கிறதா? பசிக்கிறதா? தூங்கினாயா?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் டீ கிடையாது.

மேலே ஆக்ஸிஜன் குறைவு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். காற்றில் அதன் பங்கு எங்கே போனாலும் அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம், 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பதும் பாதி என்பார். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, அதிலும் பிடிவாதம். அப்புறம் அந்தக் கோடு! குச்சியால் மண்ணில் நேராக ஒரு கோடு கிழித்து, குதிகாலும் கால்விரலும் ஒட்ட ஒட்ட நடக்கச் சொல்வார். குடித்துவிட்டு வந்தவனைச் சோதிப்பது போல இருக்கிறது என்று சிரிப்போம். உயரத்தில் மூளை வீங்கினால் முதலில் தள்ளாடுவது நடைதான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் விளக்கினார்.

ஒருமுறை தலைவலியை மறைத்துவிட்டேன். வராத பசியோடு சாப்பிட்டுக்கூடக் காட்டினேன். நான் ஷூ லேஸ் கட்ட எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார், திட்டவில்லை, "இன்றைக்கு இங்கேயே சீட்டாடலாம்" என்றார், அவ்வளவுதான்.

ராத்திரிகளில் சார்லஸ் ஹூஸ்டன் கதை வரும். அவரும் டாக்டர், 1938இலும் 1953இலும் கே2 மலைக்குக் குழுவோடு போனவர். திடகாத்திரமானவர்கள் உயரத்தில் மூச்சுத் திணறினால் நிமோனியா என்று எழுதிவிடும் காலத்தில், அது உயரத்தால் நுரையீரலில் நீர் கோப்பது என்று 1960இல் எழுதினார். "நான் இருந்திருந்தாலும் நிமோனியா என்றுதான் எழுதியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு நம்ம டாக்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கணவாய். இரண்டு வருஷமாக அவர் திட்டம் போட்டது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும், யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே வந்து நின்றார். "தலை வலிக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. நான் இறங்குகிறேன்." மாத்திரை போட்டுக்கொண்டு மெதுவாக வாருங்கள், பைகளை நாங்கள் தூக்குகிறோம் என்று கெஞ்சினோம். "இறங்குவதுதான் மருந்து, நீ என்ன எனக்கு எழுதிக் கொடுக்கிறாய்?" என்று சொல்லிவிட்டு, துணைக்கு ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் போய்விட்டார். மறுநாள் நாங்கள் கீழே வந்தபோது துவைத்த சாக்ஸைப் பாறையில் காயப்போட்டுக்கொண்டு, தலைவலி போன முகத்தோடு, மேலே பனி எப்படி இருந்தது, எங்கே வழுக்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பொறாமை இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

சரி, உச்சியைப் பார்க்கலாம் என்று வந்திருப்பீர்கள். காலையில் எழுந்து மண்ணில் கோடு போட்டு நடந்து பார்த்தேன், நடை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தலை வலிக்கிறது, பசி இல்லை. கூடாரத்தைப் பிரிக்கப் போகிறேன், கேமராவையும் அணைக்கிறேன். இறங்கியதும் பேசுகிறேன்.